கொட்டாஞ்சேனை கேட்ட குரல்

இசையின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் பாடியவரின் வரலாற்றையே எழுதி நிறைவு கொள்கின்றனர். யாரிடம் பயின்றார், எந்தச் சமஸ்தானத்தில் சால்வை பெற்றார், எந்தச் சபை எந்த ஆண்டில் பட்டமளித்தது என்னும் விவரங்கள் நமக்குக் குறைவின்றிக் கிடைக்கின்றன. கேட்டவர்கள் யார்? பகலில் அவர்கள் என்ன வேலை செய்தார்கள்? நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த காசு எந்தக் கூலியிலிருந்து வந்தது? இக்கேள்விகளைக் கேட்போர் அரியர். பாட்டு என்பது பாடுபவரின் தொண்டையில் பிறந்து அங்கேயே முடிந்துவிடும் பொருளன்று. அதைக் கேட்டு, தலையசைத்து, திரும்பப் பாடச் சொல்லி, பிடிக்காதபோது கூச்சலிட்டு உருவாக்கிய ஒரு மக்கள் கூட்டமும் அதற்குப் பங்காளியாகும்.

இந்த உண்மையைக் காண்பதற்குக் கொழும்பின் கொட்டாஞ்சேனைப் பகுதியைவிடப் பொருத்தமான இடம் வேறு இருக்க முடியாது. 1926ஆம் ஆண்டில் கொழும்பு மேடையில் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் முதன்முறையாக இணைந்து பாடி நடித்தனர். தமிழ் நாடக வரலாற்றிலே மிகுதியும் பேசப்பட்ட சந்திப்பு இதுவே. ஆயினும் பேசியவர் அனைவரும் அதை ஒரு காதற் கதையாகவே சொல்லி வந்துள்ளனர். இரண்டு பெருங்குரல்கள் சந்தித்தன, இதயங்கள் இணைந்தன, விதி பிரித்தது. இவ்வளவில் கதை முடிந்துவிடுகிறது. அச்சந்திப்பு கொழும்பில் ஏன் நிகழ வேண்டும்? சென்னையிலோ மதுரையிலோ நிகழாமல், கடல் கடந்த ஒரு துறைமுக நகரத்தின் உழைப்பாளர் குடியிருப்புகளுக்கு நடுவே ஏன் நிகழ்ந்தது? வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்வி இதுவன்றோ?

துறைமுகம் படைத்த நகரம்

கொட்டாஞ்சேனையைப் படைத்தது துறைமுகம். சூயெஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டபின் கிழக்குத் திசைக் கப்பற் போக்குவரத்து பெருகிற்று. அதுவரை காலித் துறைக்கு இருந்த முதன்மையைக் கொழும்புக்கு மாற்ற பிரித்தானிய ஆட்சி முடிவு செய்தது. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, 1885இல் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் கட்டி முடிக்கப்பட்டது. நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரி வேண்டும். தேயிலைப் பெட்டிகளை ஏற்ற ஆட்கள் வேண்டும். அரிசி மூட்டைகளை இறக்கத் தோள்கள் வேண்டும். அத்தோள்களிற் பெரும்பகுதி திருநெல்வேலி, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வந்தன. நகரத்தின் கழிவகற்றும் பணிக்கும் தமிழகத்திலிருந்தே ஆட்கள் கொண்டுவரப்பட்டனர்.

இவர்கள் வாழ்ந்த இடங்களுக்குக் கொழும்பில் 'தோட்டம்' என்று பெயர். பூஞ்செடி ஒன்றும் இல்லாத தோட்டங்கள் அவை. ஒரு தண்ணீர்க் குழாயைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடுகள். அவற்றின் அருகிலேயே செட்டியார் தெருவில் நகைக்கடைகளும் வட்டிக்கடைகளும் விளங்கின. புனித லூசியாள் பேராலயமும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் ஆலயமும், ஒல்லாந்தர் காலத்து வுல்வெண்டால் தேவாலயமும் ஒன்றையொன்று பார்த்து நின்றன. 1902இல் விவேகானந்த சபை தோன்றிற்று. தமிழர், சிங்களர், முஸ்லிம்கள், பரதவர், கொழும்புச் செட்டிகள், மலையாளிகள், பறங்கியர் என்று பல மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. கையில் வாரக்கூலி கிடைக்கும் உழைப்பாளரும் கைநிறையப் பணம் புரளும் வணிகரும் சில தெருக்களுக்குள் அடங்கியிருந்தனர். நாடகக் கொட்டகைக்கு இதைவிட நல்ல நிலம் எது?

நாடகக்காரரை இங்கே கொண்டுவந்த வழியும் கவனிக்கத்தக்கது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிப் படகுச் சேவை தொடங்கிற்று. சென்னை எழும்பூரில் ஏறியவர் புகைவண்டி, படகு, மறுபடியும் புகைவண்டி என்று கொழும்பை அடையலாம். தேயிலை முதலாளிகளுக்குக் கூலியாட்கள் தடையின்றி வரவேண்டும் என்பதே இவ்வழியின் முதன்மைப் பொருளாதாரக் காரணம். மண்டபம் முகாமில் நிறுத்தி, மருத்துவச் சோதனை செய்து, கூட்டங்கூட்டமாகத் தொழிலாளரை அனுப்பிய அதே தடத்தில்தான் ஆர்மோனியப் பெட்டியும் சரிகை உடையும் படுதாக்களும் பயணம் செய்தன. உழைப்பைச் சுரண்ட வெட்டிய வாய்க்காலில் கலையும் வந்து சேர்ந்தது. இது ஏகாதிபத்தியத்தின் கருணையன்று. ஊரை விட்டு வந்த மனிதன் தன் பாட்டையும் தன்னோடு அழைத்துக்கொண்டான் என்பதே இதன் பொருள்.

தரையில் இருந்தோர் தீர்ப்பு

அக்கால நாடகம் எத்தகையது என்பதை இன்றைய மாணவர் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்தில் 1867இல் பிறந்து 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்களைப் பாடலும் உரையாடலுமாக வரையறுத்து வைத்தார். அவை பல ஊர் நடிகர்களுக்கும் பொதுச் சொத்தாயின. அதன் விளைவாக 'ஸ்பெஷல் நாடகம்' என்ற ஏற்பாடு பிறந்தது. ஒரே கம்பெனியைச் சேராத நடிகர்களை ஒப்பந்தக்காரர் தனித்தனியே அழைப்பார். ஒத்திகை இராது. இன்று மாலை ஊருக்கு வந்தவர் இரவு பத்து மணிக்கு வேடம் கட்டி, முன்பின் பழகாத ஒருவரோடு மேடையில் நிற்பார். கதையும் பாட்டும் இருவருக்கும் தெரியும். மற்றவை எல்லாம் அங்கேயே பிறக்க வேண்டும். கேள்விக்கு எதிர்க்கேள்வி, பாட்டுக்கு எதிர்ப்பாட்டு, இராகத்துக்கு மேலோர் இராகம் என்று விடியும்வரை நடக்கும். பெயர் நாடகமாயினும், கேட்க வந்தவருக்கு அது ஓர் இசைப்போட்டியே.

கொட்டகையில் நாற்காலி, பெஞ்சு, தரை என்று வகுப்புகள் உண்டு. சமுதாயத்தின் படிக்கட்டு அங்கே அப்படியே பெயர்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆனால் ஒரு வேறுபாடு. வெளியே தீர்ப்புச் சொல்பவன் நாற்காலியில் இருந்தான்; கொட்டகைக்குள்ளே தீர்ப்புச் சொன்னவன் தரையில் இருந்தான். 'ஒன்ஸ்மோர்' என்ற குரல் எழுந்தால் எவ்வளவு பெரிய நடிகரும் மீண்டும் பாடியே ஆகவேண்டும். சுருதி விலகினால் தரையிலிருந்து விசில் கிளம்பும். இராக இலக்கணத்தை ஏட்டில் படியாத அம்மக்கள், ஆண்டுக்கணக்காகக் கேட்ட பழக்கத்தால், நல்ல சங்கதி எது, வெறும் தொண்டைச் சத்தம் எது என்று பிரித்தறிந்தனர்.

குரலின் தன்மையையே இம்மக்கள் தீர்மானித்தனர் என்று சொன்னால் மிகையாகாது. அன்று ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். இன்றைய கச்சேரி மேடையில் ஆண் பாடகர் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாடுகின்றனர். ஒலிவாங்கி மற்றதைப் பார்த்துக்கொள்கிறது. கிட்டப்பாவோ ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவர். சுந்தராம்பாளின் குரலும் அதே உயரத்தில் உலவியது. சங்கீத விமரிசகர் சிலர் இதனைக் 'கொட்டகைப் பாட்டு' என்று இகழ்ந்ததுண்டு. உண்மையில், குறைந்த காசு கொடுத்துத் தொலைவில் அமர்ந்தவனுக்கும் முன்வரிசைக்காரன் கேட்பதைக் கேட்கும் உரிமை உண்டு என்ற கொள்கை அச்சுருதிக்குள் இருந்தது. சொல்லை விழுங்காமல், மெய்யெழுத்தை மழுப்பாமல், தமிழைத் தமிழாக உச்சரித்த அந்த மரபு தரை டிக்கெட்டின் கட்டளையால் வளர்ந்ததாகும்.

பசியறிந்த குரல்

அக்கட்டளைக்கு முற்றிலும் பொருந்திய ஒரு குரல் காவிரிக் கரையில் பிறந்தது. சுந்தராம்பாள் 1908இல் கொடுமுடியில், வறுமையன்றி வேறொன்றும் அறியாத குடும்பத்தில் தோன்றியவர். புகைவண்டியில் பாடிக் காசு பெற்ற சிறுமி அவர். அக்குரலைக் கேட்டவர்கள் வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டனர். அவர் ஏற்ற முதல் வேடங்களுள் ஒன்று, நல்லதங்காளின் மூத்த மகன். பசியால் தாயிடம் அழும் பிள்ளை. அவ்வேடத்தில் அவர் பாடியபோது கொட்டகையே கண்ணீர் விட்டது என்பர். நடிப்புக்கு அவர் எங்கும் பயிலச் செல்ல வேண்டியதில்லை. பசி அவருக்கு வீட்டிலேயே பாடம் நடத்தியிருந்தது.

1917இல், இன்னும் பத்து வயது நிரம்பாத நிலையில், அவர் கொழும்புக்கு அழைத்துவரப்பட்டார். ஆட்டுப்பட்டித் தெருவில் இருந்த அரங்கிலே நடிக்கத் தொடங்கி, இலங்கையின் பிற ஊர்களிலும் பாடினார். ஒரு குழந்தையின் தொண்டையை நம்பிப் பல வயிறுகள் வாழ்ந்தன; பல முதலாளிகள் பணம் சேர்த்தனர். இன்றைய சட்டம் இதனைக் குழந்தை உழைப்பு என்று சொல்லும். அன்று அதற்குக் 'குழந்தை நட்சத்திரம்' என்று பெயர். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சிறுவனும் மேடையில் பாடும் சிறுமியும் ஒரே பொருளாதாரத்தின் இரு பிள்ளைகள் என்பதை நாம் மறத்தலாகாது. அவர் பாடிய பசியைத் தரையில் இருந்தவர் புரிந்துகொண்டதற்கும் இதுவே காரணம்.

1926இல் அவர் மீண்டும் கொழும்புக்கு வந்தபோது இளம்பருவத்தின் முழுக்குரலோடு வந்தார். அதே காலத்தில் கிட்டப்பாவின் புகழும் உச்சத்தில் இருந்தது. சுந்தராம்பாளின் முன் கிட்டப்பா நிற்க முடியாது என்று ஒரு சாராரும், கிட்டப்பாவின் முன் அப்பெண்ணின் பாட்டு எடுபடாது என்று மறு சாராரும் வாதாடினர். வாதம் வளர்ந்தால் வசூல் வளரும் என்பது ஒப்பந்தக்காரர் அறியாததன்று. இருவரையும் ஒரே மேடையில் ஏற்றினர். நாடகம் வள்ளி திருமணம்.

எதிர்ப்பாட்டுப் பாடும் பெண்

வள்ளி திருமணத்தின் உயிர்நிலை தர்க்கம். தினைப்புனம் காக்கும் குறப்பெண்ணிடம் வேடனாகவும் விருத்தனாகவும் முருகன் வருகிறான். அவன் கேட்கிறான், அவள் மறுக்கிறாள். அவன் பாட்டில் மடக்குகிறான். அவள் பாட்டிலேயே விடுவித்துத் திருப்பி மடக்குகிறாள். புராணக்கதை என்னவோ கடவுளின் வெற்றியில் முடியும். ஆனால் விடிய விடிய மக்கள் பார்த்தது, ஓர் ஏழைக் காட்டுப் பெண் கடவுளுக்கு நிகராக நின்று வாதாடும் காட்சியை. பெண் பொதுவிடத்தில் வாய் திறப்பதே குற்றம் என்றிருந்த காலத்தில், எதிரே நிற்கும் ஆணின் சங்கதிக்கு மேற்சங்கதி போட்டு அவனைத் திணறடிக்கும் ஒரு பெண்ணைக் கூட்டம் கைதட்டி வரவேற்றது. சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் மோதிய மேடையில் யார் வென்றார் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. இருவரும் இணைந்து பாடினாலன்றிக் கேளோம் என்று கூட்டம் தீர்ப்பளித்தது. பின்னர் அவ்விணை தமிழகமெங்கும் சென்று பாடிற்று.

மேடையில் வென்ற பெண் வீட்டில் வெல்ல முடிந்ததா? அதுதான் இக்கதையின் கசப்பான பகுதி. இருவரும் 1927இல் மணம் புரிந்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு முன்பே ஒரு மனைவி இருந்தார். அவர் பிறந்த சாதியும் சுந்தராம்பாள் பிறந்த சாதியும் வேறு. நாடகக்காரியின் பாட்டை இரவெல்லாம் கேட்ட சமுதாயம், பகலில் அவளைக் குடும்பப் பெண்ணாக ஏற்க மறுத்தது. பிரிவும் துயரமும் வந்தன. 1933 டிசம்பரில், இருபத்தேழு வயதில், கிட்டப்பா மறைந்தார். இருபத்தைந்து வயதுச் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தார். வாழ்நாள் முழுதும் அதனை மாற்றவில்லை. இனி எந்த ஆணோடும் இணைந்து நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். இந்த உறுதியைத் தெய்வீகக் காதல் என்று போற்றி எழுதியோர் பலர். அக்கோலத்தைப் பூண்ட பின்னரே சமுதாயம் அவரை 'அம்மா' என்று அழைத்தது என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் பட்ட துயரம் உண்மையானது. அத்துயரத்தை விலையாகக் கேட்ட வழக்கம் நியாயமானதன்று.

மேடையும் வேலைநிறுத்தமும்

இந்த ஆண்டுகளில் கொட்டகைக்கு வெளியே என்ன நடந்தது? 1922இல் ஏ. ஈ. குணசிங்க இலங்கைத் தொழிற்சங்கத்தை அமைத்தார். 1923இல் கொழும்பின் தொழிலாளர் ஏறத்தாழ 20,000 பேர் பொது வேலைநிறுத்தம் செய்தனர். 1927இல் துறைமுகமே நின்றது. சிங்களரும் தமிழரும் மலையாளிகளும் தோளோடு தோள் நின்ற போராட்டங்கள் அவை. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் அச்சங்கத்தில் முன்னின்று உழைத்தார். 1928இல் விலகி, பின்னர் மலைநாட்டுத் தொழிலாளரை ஒன்றுசேர்த்தார்.

ஆட்டுப்பட்டித் தெரு மேடையில் வேலைநிறுத்தத்தைப் பற்றிய பாட்டு எழவில்லை. வள்ளியும் முருகனும் பேசினர். கூலியும் கங்காணியும் பேசப்படவில்லை. இதனை மறைப்பதிற் பயனில்லை. பழைய நாடகமேடை புராணத்தின் பிடியிலிருந்து எளிதில் விடுபடவில்லை. ஆனால் அதே மேடை ஒரு கருவியைத் தந்தது. ஆயிரம் பேரை ஒரே நேரத்தில் மௌனமாக்கவும் ஆர்ப்பரிக்கவும் செய்யும் பாட்டு என்னும் கருவி அது. அதனைக் கையிலெடுக்கத் தெரிந்தவர்கள் எடுத்தனர். தமிழகத்தில் விசுவநாததாஸ், அதே வள்ளி திருமண நாடகத்திலே, தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சியை வெள்ளையரைக் கொக்கென விரட்டும் பாடலாக மாற்றினார், சிறை சென்றார், நாவிதர் குலத்தில் பிறந்தவர் என்பதால் உடன்நடிக்க மறுத்தோரின் இழிவையும் தாங்கினார், 1940 டிசம்பர் 31இல் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் துறந்தார். சுந்தராம்பாளும் 1937 தேர்தலில் சத்தியமூர்த்தியின் வேண்டுகோளை ஏற்றுக் காங்கிரசுக்காகப் பாடினார். இலங்கையில் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் பாரதி பாடல்களையும், தாமே இயற்றிய இந்தியத் தொழிலாளர் துயரச் சிந்தையும் தொழிலாளர் கூட்டங்களிற் பாடினார். நடேசய்யரே 1937இல் இராமசாமி சேர்வையின் சரிதம் என்ற நாடகத்தைத் தோட்டத் தொழிலாளரை வைத்து எழுதினார். கொட்டகையில் கேட்கப் பழகிய காது, கூட்டத்திலும் கேட்கத் தயாராயிருந்தது.

கேட்டவர்கள் எங்கே?

பாடியவரின் பிற்கால வரலாறு நன்கறிந்ததே. 1935இல் நந்தனார் படத்தில் ஆண்வேடம் ஏற்று, அன்று திரையுலகம் வியந்த ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். 1953இல் ஔவையார். 1950களில் சென்னை மேல்சபை உறுப்பினர். 1965இல் திருவிளையாடல். 1970இல் பத்மஸ்ரீ. 1980இல் மறைந்தபோது நாடு அஞ்சலி செலுத்திற்று. நீறணிந்த நெற்றியும் வெண்சேலையும் கொண்ட அம்முதுபெரும் பாடகியை இலங்கை மக்கள் திரையிலும் வானொலியிலும் கேட்டு மகிழ்ந்தனர்.

கேட்டவர்களின் வரலாறு இவ்வாறு அமையவில்லை. பொருளாதார மந்தம் வந்ததும், ஒன்றாய்ப் போராடிய தொழிலாளர் இன அடிப்படையிற் பிரிக்கப்பட்டனர். அன்று ஒற்றுமை பேசிய குணசிங்கவே 1930களில் மலையாளித் தொழிலாளருக்கெதிரான குரலாக மாறினார். 1939இல் அரசாங்க நாட்கூலி வேலைகளிலிருந்து இந்தியத் தொழிலாளர் நீக்கப்பட்டனர். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரோடு நகரத்துத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளி மக்களையும் நாடற்றோராக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் கணக்கெழுதிப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் பங்கீடு 1974இல் முடிந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்து, நடிகரும் தொழிலாளரும் வந்த பழைய தடத்தையும் அறுத்தது. 1983 ஜூலையில் கொழும்புத் தமிழர் மீது நடத்தப்பட்ட வன்செயல் எஞ்சியிருந்த பல குடும்பங்களையும் சிதறடித்தது. நாடற்ற நிலைக்கு முடிவு கட்டும் சட்டம் 2003இல்தான் வந்தது.

ஒரு குரலின் அருமையை அறிந்து உலகுக்குச் சொன்ன மக்களை, நீங்கள் எந்த நாட்டினர் என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக இரு அரசுகள் கேட்டுக்கொண்டிருந்தன. இசை வரலாறு இதனைத் தனக்குச் சம்பந்தமில்லாத அரசியல் என்று ஒதுக்குமாயின், அது பாதி வரலாறே.

கேட்போர் கூட்டம் சிதறியபின்னும் கொழும்பின் மேடை முற்றும் ஓய்ந்துவிடவில்லை. கவிஞர் மஹாகவியின் கண்மணியாள் காதையை லடீஸ் வீரமணி வில்லிசையாக மேடையேற்றியபோது, சாதிக் கொடுமையைப் பாட்டிலே கேட்கும் புதிய கூட்டம் ஒன்று உருவாயிற்று. புராணத்திலிருந்து வாழ்க்கைக்கு வர மேடை எடுத்துக்கொண்ட காலம் நீண்டது. ஆனால் வந்து சேர்ந்தது.

இன்றும் புகழ்பெற்ற மூத்த பாடகர்கள் கொழும்புக்கு வரும்போது மண்டபங்கள் நிறைகின்றன. அதில் தவறில்லை. ஆனால் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே உள்ள விலை வேறுபாட்டை நோக்குங்கால், துறைமுகத் தொழிலாளியின் பிள்ளைக்கு அங்கே இடமுண்டா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஆசிரியர்களும் மாணவர்களும் மேற்கொள்ளத்தக்க பணி ஒன்று உண்டு. கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, ஆட்டுப்பட்டித் தெருப் பகுதிகளில் தம் தாய் தந்தையர் சொல்லக் கேட்ட நாடக இரவுகளை நினைவுகூரும் முதியோர் இன்னும் உள்ளனர். பழைய நாடக நோட்டீசுகளும் பாட்டுப் புத்தகங்களும் சில வீடுகளின் தகரப் பெட்டிகளில் கிடக்கக் கூடும். அவற்றைத் தேடுங்கள். பாடியவர் யார் என்று கேட்டு நின்றுவிடாதீர்கள். உங்கள் தாத்தா எந்த வகுப்பில் உட்கார்ந்து கேட்டார், சீட்டுக் காசு எங்கிருந்து வந்தது, மறுநாள் காலை எத்தனை மணிக்கு வேலைக்குப் போனார் என்றும் கேட்டு எழுதி வையுங்கள். சுந்தராம்பாளின் புகழுக்கு அதனால் ஒரு குறைவும் நேராது. அப்புகழைத் தம் கூலிக்காசால் வளர்த்த மக்களின் பெயரும் அதன் பக்கத்தில் இடம்பெறும்.